கையைக் காட்டாத சித்திரப் பெண்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பாய்மரக் கப்பல்கள் மிளகுக்கும் துணிக்கும் நம் துறைமுகங்களில் காத்துக் கிடந்த காலத்தில், மந்திரம் கற்றவர்கள் தெருவில் நம்மைப் போலவே நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், பூவாற்றுச்சீமை என்று ஒரு தேசம் இருந்தது. தேசத்தின் நடுவே பூவாறு ஓடியது. இந்தக் கரையில் அரண்மனை, அந்தக் கரையில் மலை. போக வரப் பரிசல்.

பரிசல் தெரியும் இல்லையா? மூங்கிலைப் பின்னி, தோலைப் போர்த்தி, வட்டமாகச் செய்த படகு. ஆற்றில் பெரிய தாம்பாளம் மிதப்பது போல இருக்கும். துடுப்புப் போடத் தெரியாதவன் ஏறினால் அது முன்னால் போகாது, இருந்த இடத்திலேயே சுற்றும்.

அந்தத் துறையில் பரிசல் ஓட்டியவன் பெயர் மாதையன். நல்ல உழைப்பாளி, அதிகம் பேசமாட்டான். ஆற்றங்கரையில் ஒரு குடிசை, அதில் அவன் ஒருவன். அவனிடம் மூன்று வினோதங்கள் இருந்தன. தனி ஆளுக்குச் சோறு வடிப்பான். பானையைத் திறந்தால் இரண்டு பேருக்கு இருக்கும். அகலமான பாயை விரிப்பான். அதன் ஓரத்தில் ஒடுங்கிப் படுப்பான். பரிசலில் ஆள் இல்லாதபோது நடுவில் உட்கார்ந்து ஓட்டுவதுதானே வழக்கம்? அவன் ஒரு பக்கமாகவே உட்காருவான், எதிர்ப் பக்கத்தில் யாரோ இருப்பது போல.

"ஏன் மாதையா, ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டா என்ன?" என்று பயணிகள் கேட்பார்கள்.

"பாக்கலாம்" என்பான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டாலே அவனுக்கு நெஞ்சுக்குள் எதுவோ இடறும். எது என்று அவனுக்கே தெரியாது.

இது இப்படி இருக்க, அரண்மனையில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பூபதிராயன் என்ற ராஜா அங்கே ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் சித்திரப் பைத்தியம். அவனிடம் வர்ணசாலன் என்று ஒரு சித்திரக்காரன் இருந்தான். வயது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நாளில் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். ஒரு நரை கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. கப்பலில் வந்த எண்ணெயில் சாயத்தைக் குழைத்து, இழுத்துக் கட்டிய துணியில் மனிதர்களை வரைவான். வரைந்த கண்ணில் ஈரம் மின்னும். வரைந்த உதடு இதோ பேசப்போகிறது என்று தோன்றும்.

"இது யாருடைய உருவம்?" என்று ராஜா ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"என் கற்பனை, அரசே" என்று வர்ணசாலன் ஒவ்வொரு முறையும் சொல்வான்.

இப்படி முப்பத்திரண்டு படங்கள். முப்பத்தொன்று முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் மூன்று வருஷமாக அரைகுறையாக நின்றது. அது ஒரு பெண்ணின் படம். முகம் முழுசாக இருந்தது. நெற்றியில் காற்றில் கலைந்த முடியும், லேசாக இறுகிய உதடும், மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தியும் அப்படியே உயிரோடு இருந்தன. கழுத்துக்குக் கீழே சாயம் மெலிந்து, சேலை வெறும் தீற்றலாகி, கை இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கரிக்கோடுகள் மட்டும் கிடந்தன. அரண்மனையில் எல்லாரும் அதைப் 'பேரில்லாதவள் படம்' என்றார்கள்.

ராஜா அக்கரையில் மலையடியில் ஒரு சித்திர மண்டபம் கட்டினான். படங்களை எல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றி, மேற்கே இருந்த பாலம் வழியாக அனுப்பச் சொன்னான். வர்ணசாலன் வண்டிகளோடு முன்னால் போனான். போகுமுன் சேவகர் தலைவன் இருசப்பனைக் கூப்பிட்டு, "கடைசிப் படமும் பாலத்தின் மேல்தான் வர வேண்டும். எந்தப் படமும் ஓடுகிற தண்ணீரைக் கடக்கும்போது ஆற்றைத் தொடக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னான்.

முப்பத்தொரு படங்கள் போன பிறகு, பாலத்தின் நடுப்பலகை முறிந்து ஆற்றோடு போனது. மண்டபத் திறப்புக்கு இடையில் இரண்டே நாள். இருசப்பன் தலையைச் சொறிந்தான். "ஆத்தைத் தொடக் கூடாதுன்னுதானே சொன்னாரு? பரிசல்தான் தொடும், படம் தொடாதே" என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, படத்தைக் கனத்த துணியால் மூடி, மாதையனின் துறைக்குக் கொண்டுவந்தான்.

"இந்தாப்பா, இதைப் பத்திரமா அக்கரை சேர்த்துடு. துணியை எடுக்காதே. நான் இங்கிருந்தே பாத்துட்டிருப்பேன்."

"ஆகட்டுங்க" என்றான் மாதையன். படத்தைப் பரிசலில் சாய்த்து வைத்தான். எந்தப் பக்கம் வைத்தான் தெரியுமா? எதிர்ப் பக்கம்.

ஆற்றின் நடுவுக்குப் போனதும் மேல்காற்று ஒன்று அடித்தது. துணி விலகித் தண்ணீரில் விழுந்தது. மாதையன் நிமிர்ந்து பார்த்தான். படத்தில் இருந்த பெண்ணும் அவனைப் பார்த்தாள்.

அவனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஏன் என்று தெரியவில்லை. துக்கமா, சந்தோஷமா என்றும் தெரியவில்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது.

அப்போது படத்தில் இருந்த பெண் வாயைத் திறந்தாள்.

"மூணு வருஷமாச்சு. இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா?"

மாதையன் பரிசலிலிருந்து விழாமல் இருந்ததே பெரிது. "நீங்க... நீங்க யாரும்மா?"

அவள் முகம் ஒரு கணம் வாடிப்போனது. பிறகு தேற்றிக்கொண்டாள்.

"நீங்க நாங்கன்னு பேசாத மாமா, எனக்குக் கஷ்டமா இருக்கு. நான் உன் பொண்டாட்டி."

"எனக்குக் கல்யாணமே ஆகலையே!"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஆச்சு. வைகாசி மாசம். மழை பேஞ்சு பந்தல் சரிஞ்சுபோச்சு. நீ என் தலைக்கு மேல ஒரு முறத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. துடுப்பைப் போடு, ஆனா கரைக்குப் போகாத. ஓடுற தண்ணியில மிதக்கிற வரைக்கும்தான் அவன் மந்திரம் தளர்ந்திருக்கும். மண்ணைத் தொட்டா என் வாய் கட்டிக்கும்."

மாதையனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அவன் கை அவளை நம்பியது. துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டான். பரிசல் ஆற்றின் நடுவில் சுற்ற ஆரம்பித்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். மூன்று வருஷம் முன்பு மீன்கூடையோடு அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறாள். படியில் அவளை வர்ணசாலன் பார்த்தான். "கொஞ்ச நேரம் உட்காரம்மா, உன்னை வரைகிறேன்" என்றான். உட்கார்ந்தாள். "உன் பேர் என்னம்மா?" என்றான். சொன்னாள். அவன் அந்தப் பேரை ஓர் இலையில் எழுதி, கல்லில் வைத்து அரைத்து, சாயத்தில் கலந்தான். அந்த நிமிஷமே ஊர் உலகத்துக்கு அவள் மறந்துபோனாள். அவளுக்குத் தன் பேரும் மறந்துபோனது.

"முகத்தை வரைஞ்சான். முகம் மரத்துப்போச்சு. தோளை வரைஞ்சான். தோள் மரத்துப்போச்சு. அப்பத்தான் எனக்கு வெவரம் புரிஞ்சுது. சட்டுனு கையை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன். பாக்காததை அவனால வரைய முடியலை. மூணு வருஷமாத் தினமும் வந்து நிப்பான். 'கையைக் காட்டு'ம்பான். காட்ட மாட்டேன். 'கையில் என்ன ஒளிச்சு வச்சிருக்கே'ம்பான். சொல்ல மாட்டேன்."

"என்ன வச்சிருந்த?" என்றான் மாதையன்.

"ஒன்னுமில்ல. அவன் கேக்குறான், அதான் குடுக்கலை."

அழுதுகொண்டிருந்த மாதையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கரையிலிருந்து இருசப்பன் கத்தினான். "ஏய் பரிசல்காரா! என்னய்யா அங்கேயே சுத்திட்டிருக்க?"

"சுழலுங்க! விடமாட்டேங்குது!" என்று மாதையன் பதில் கத்தினான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நல்லாக் கேட்டுக்க மாமா. அவன் வரைஞ்ச எல்லாருமே என்னை மாதிரி மனுசங்கதான், படம் முடிஞ்சா எங்க ஆயுசெல்லாம் அவனுக்குப் போயிடும். அதனாலதான் அவனுக்கு வயசே ஆகலை. என் கைக்காகக் காத்திருந்து காத்திருந்து பொறுமை போயிருச்சு அவனுக்கு. எல்லாம் அவன் தனக்குத்தானே பேசிக்கிட்டப்போ கேட்டதுதான். நாளை மறுநாள், மண்டபம் திறக்கிற அன்னிக்கு, ராஜா முன்னாடி வேற ஒருத்தி கையைப் பாத்து என் கையை வரைஞ்சு முடிக்கப் போறான். அதுக்குள்ள யாராவது என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டா நான் வெளிய வந்துருவேன்."

"உன் பேர் என்ன?"

"அதைத்தானே சொல்றேன், எனக்குத் தெரியாது. எங்க அம்மா கொட்டமலையில இருக்கா. அவகிட்டப் போய்க் கேளு."

அதற்குமேல் சுற்ற முடியவில்லை. இருசப்பன் இன்னொரு பரிசலைத் தேட ஆள் அனுப்பிவிட்டான். மாதையன் அக்கரையில் இறங்கினான். பரிசல் மண்ணைத் தொட்டதும் அவள் உதடு அப்படியே நின்றது. அரண்மனை ஆட்கள் வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாதையன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கொட்டமலைக்கு நடந்தான். வெயில் சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மூக்கும் கண்ணும் படத்தில் இருந்தவளின் மூக்கும் கண்ணும்தான்.

"அம்மா, உங்க மகளோட பேர் என்னங்க?"

"எனக்கு மகளே இல்லையேப்பா. ரெண்டும் பசங்க." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் கேக்குற?"

"சும்மாத்தாங்க. மக பொறந்திருந்தா என்ன பேர் வச்சிருப்பீங்க?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் கலங்கியது. "எங்க அம்மா பேரை வச்சிருப்பேன். சின்னத்தாயின்னு." பிறகு மெல்லச் சொன்னாள்: "கேக்காத தம்பி. நீ கேட்டா எனக்குப் பால் கட்டின மாதிரி மாரு வலிக்குது. எதுக்குன்னு தெரியலை."

மாதையன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். வழியில் பார்த்தவர்களை எல்லாம் கேட்டான். மீன்காரிகளைக் கேட்டான், வண்ணாரைக் கேட்டான், கோயில் பூசாரியைக் கேட்டான். "உனக்குக் கல்யாணமா? எப்பப்பா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

மறுநாள் விடியும்போது ஆற்றங்கரையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு நீர்நாய் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, பாறைமேல் ஏறி, உடம்பை உதறிக்கொண்டது. நம் கதை நடந்த காலத்தில் மிருகங்கள் எல்லாம் பேசும். ஆனால் தேவைப்பட்டால்தான் பேசும்.

"அழாதே, மீன் எல்லாம் மிரண்டு ஓடுது" என்றது நீர்நாய். "உன் வீட்டுக்காரியை எனக்குத் தெரியும். எனக்கு மீன் தலை போடுவா. மந்திரம் மனுசங்களுக்குத்தான், எங்களுக்கு ஒன்னும் மறக்கலை."

மாதையன் துள்ளி எழுந்தான். "அப்படின்னா அவ பேரைச் சொல்லு!"

"எங்களுக்கு ஏது பேரு? எனக்கு அவ வாசம் தெரியும், நடை தெரியும். பேரு தெரியாது." நீர்நாய் மீசையைத் துடைத்துக்கொண்டது. "ஒன்னு சொல்றேன், மனசைத் திடப்படுத்திக்க. அவன் பேரை அரைச்ச கல்லை அரண்மனைப் படித்துறையிலதான் கழுவினான். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். மிச்சமிருந்த பேரு தண்ணியோட கடலுக்குப் போயிருச்சு. இனிமே சரியான பேரையே நீ சொன்னாலும் அவ காதுல ஏறாது. அந்தச் சத்தமே அரைபட்டுப் போச்சு."

"அப்ப வழியே இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றது நீர்நாய். அதற்கு அவன்மேல் இரக்கம் இருந்தது. ஆனால் பொய் சொல்லத் தெரியாது. தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது.

அன்று பகல் முழுவதும் மாதையன் துடுப்பைத் தொடவில்லை. பேர் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. போய் என்ன ஆகப்போகிறது? இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் இறங்கும் நேரத்தில் வேறொன்று தோன்றியது: 'மூணு வருஷமா அவ அங்க நின்னுட்டிருக்கா. பேர் கெடைக்கலைன்னு சொல்றதுக்காவது நான் போகணும். நான் வரலைன்னு அவ நினைச்சுடக் கூடாது.'

மூன்றாம் நாள் காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, மண்டபத்துக்குப் போனான்.

மண்டபம் நிறைய ஜனங்கள். சுவரெல்லாம் படங்கள். சிம்மாசனத்தில் பூபதிராயன். நடுவில் பேரில்லாதவள் படம். அதற்குப் பக்கத்தில் ஒரு பணிப்பெண், கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வர்ணசாலன் தூரிகையைச் சாயத்தில் தோய்த்தான்.

"நிறுத்துங்க!" என்றான் மாதையன்.

எல்லாரும் திரும்பினார்கள். மாதையன் ராஜா முன்னால் போய் விழுந்து கும்பிட்டான். "மகாராஜா, அது கற்பனை இல்லைங்க. என் சம்சாரம். உசுரோட இருக்கா. இங்க படத்துல இருக்கிற எல்லாரும் உசுரோட இருக்காங்க."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "சித்திரக்காரரே, இவன் என்ன சொல்கிறான்?"

வர்ணசாலன் நிதானமாகப் புன்னகைத்தான். "வெயிலில் பரிசல் ஓட்டுகிறவன், அரசே. தலை கலங்கியிருக்கும். உன் மனைவி என்கிறாயே பரிசல்காரா, அவள் பெயர் என்ன?"

மாதையன் படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"மனைவியின் பெயர் தெரியாத புருஷனும் உண்டா?" என்றான் வர்ணசாலன். சபை மறுபடியும் சிரித்தது.

ராஜா கையை உயர்த்தினான். "சிரிக்க வேண்டாம். பரிசல்காரா, உனக்கு மூன்று வாய்ப்புத் தருகிறேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. நீ சொல்வது உண்மையானால் தெரிந்துவிடும்."

வர்ணசாலன் தலை வணங்கி ஒதுங்கிக்கொண்டான். அவனுக்கு என்ன பயம்? அரைத்த பேரைத் திருப்பி யார் கொண்டுவர முடியும்?

மாதையன் படத்தின் முன்னால் நின்றான். அவள் கண்கள் அவன்மேலேயே இருந்தன.

"சின்னத்தாயி" என்று கூப்பிட்டான். படம் படமாகவே இருந்தது.

"மாதம்மா" என்றான். அது அவர்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்திக்கு வைக்கிற பேர். படம் அசையவில்லை.

மூன்றாவதாக என்ன சொல்வது? யோசித்து யோசித்து, "பூவாத்தா" என்றான். ஆற்றின் பேர். படம் அசையவில்லை.

"முடிந்தது, அரசே" என்றான் வர்ணசாலன். தூரிகையை எடுத்தான்.

காவலர்கள் இரண்டு பேர் மாதையனின் தோளைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. படத்தைப் பார்த்தான். சபை இருந்ததை மறந்துபோனான். காலையில் துறைக்குப் புறப்படுகிற ஒருவன் வாசலில் நின்று சொல்வது போல, அடங்கின குரலில் சொன்னான்:

"நான் வரேன் புள்ள."

"ம்" என்றாள் அவள்.

சபை முழுவதும் படத்தைத் திரும்பிப் பார்த்தது. சொன்னது அவள்தான். பழக்கத்தில் சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. கண்ணை இமைத்தாள். கழுத்தைத் திருப்பினாள். கரிக்கோடுகள் இருந்த இடத்தில் முந்தானை அசைந்தது. அதற்குள்ளிருந்து, மூன்று வருஷமாக யாருக்கும் காட்டாத கை வெளியே வந்து சட்டத்தின் விளிம்பைப் பற்றியது. ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தாள். மறுகாலைத் தூக்கி வெளியே வைத்தாள். ஈரச் சாயம் கமழ, மண்டபத்தின் நடுவில் ஒரு பெண் நின்றாள்.

அந்தக் கணத்தில் மாதையனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மழை வந்தது, சரிந்த பந்தல் வந்தது, அவள் வைக்கிற கெண்டைமீன் குழம்பு வந்தது, அவள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாலு நாள் வந்தது. பேர் மட்டும் வரவில்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அது பெயரே இல்லை!" என்று வர்ணசாலன் அலறினான். "புள்ள என்பது ஒரு பெயரா? ஊரில் எவளை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாமே!"

"கூப்பிடலாம்" என்றாள் அவள். "ஆனா இவரு கூப்பிட்டா நான்தான் திரும்பிப் பாப்பேன். எங்க வீட்டுல இவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. நீ அரைச்சதுல அது சேரலை."

வர்ணசாலன் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு ஓடப் பார்த்தான். வாசலில் இருசப்பன் நின்றான். ஆற்றில் படம் அனுப்பியதற்காகக் காலையில் வர்ணசாலனிடம் ஏகப்பட்ட வசவு வாங்கியிருந்தான். ஆளைக் குண்டுக்கட்டாகப் பிடித்துக்கொண்டான்.

ராஜா அன்றே தேசமெங்கும் தண்டோராப் போடச் சொன்னான். "காரணம் தெரியாமல் யாருக்கெல்லாம் மனசு கனக்கிறதோ, அவர்கள் எல்லாரும் சித்திர மண்டபத்துக்கு வரவும்!"

மாதையனும் அவன் மனைவியும் வீட்டுக்குப் போகவில்லை. "இத்தனை பேரையும் இங்க விட்டுட்டு நான் எப்படி வருவேன்?" என்றாள் அவள். வருகிறவர்களைப் படம் படமாகக் கூட்டிப்போனாள். "யாரைப் பாத்தா அழுகை வருதோ அவங்க முன்னாடி நில்லுங்க. பேரைத் தேடாதீங்க. வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள்.

முதல் நாள் ஒரு நெசவுக்காரப் பெண் வந்தாள். தினமும் காலையில் யாருக்கென்று தெரியாமல் ஒரு பானை வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஏழாவது படத்தின் முன்னால் நின்று, வெட்கப்பட்டுக்கொண்டே, "இந்தாங்க, தண்ணி ஆறுது" என்றாள். "இதோ வந்துட்டேன்" என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர் அவசரமாக இறங்கி வந்தார். ஒரு கிழவர், "அடேய் தடியா, மாட்டைப் பிடிச்சுக் கட்டலையாடா?" என்றார். பதினைந்தாவது படத்திலிருந்து வாட்டசாட்டமான ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். நாலு பிள்ளைகள் கைகோத்து வந்து, ஒரு படத்தைப் பார்த்து, "அம்மா" என்றார்கள். அந்தம்மாள் வந்த வேகத்தில் சட்டமே உடைந்தது.

கொட்டமலையிலிருந்தும் ஒரு அம்மாள் வந்தாள். மகள் வெளியே வந்த அதே கணத்தில் அவளுக்கு ஞாபகம் வந்து, முறத்தைப் போட்டது போட்டபடி நடக்க ஆரம்பித்தவள். மகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு மாதையனைப் பார்த்து, "அன்னிக்கு வந்தப்ப ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போனீங்களே மாப்ளே" என்று அதற்கும் அழுதாள்.

ஒவ்வொருவரும் வெளியே வர வர, தூணில் கட்டியிருந்த வர்ணசாலனுக்கு வயது ஏறியது. தலை நரைத்தது. பல் விழுந்தது. முதுகு வளைந்தது. ஏழாம் நாள் அவன் உலர்ந்த சருகு போல இருந்தான்.

ஏழாம் நாள் ஒரே ஒரு படம் மிச்சம். ஆறு வயதுப் பெண் குழந்தை, காலில் தண்டை, முகத்தில் குறும்பு. அதற்கு யாரும் வரவில்லை. ஜனங்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ராஜா மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான்.

மாதையனின் மனைவி அவன் அருகில் போனாள். "மகாராஜா, நீங்க ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்களேன்."

"எனக்குக் குழந்தையே கிடையாதம்மா."

"இவரும் எனக்குக் கல்யாணமே ஆகலைன்னுதான் சொன்னாரு."

ராஜா எழுந்தான். கிரீடத்தைக் கழற்றி வைத்தான். படத்தின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். குழந்தையின் காலில் இருந்த தண்டையை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, யாரோ சொல்லிக்கொடுத்தது போல, அவன் வாயிலிருந்து தானாக வந்தது:

"பூனைக்குட்டி... சாப்பிட வாடா."

"எனக்குப் பசிக்கலை!" என்று கத்திக்கொண்டே குழந்தை குதித்து, தண்டை ஒலிக்க மண்டபத்தின் மறுகோடிக்கு ஓடியது. ராஜா எழுந்து அதன் பின்னால் ஓடினான். முதல் படமே அவள்தான். வர்ணசாலன் அரண்மனைக்கு வந்த அன்றே வரைந்தது. அன்றிலிருந்து ராஜா எதையோ தேடித் தேடித்தான் படம் படமாக வரையச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், பாவம்.

தூணைத் திரும்பிப் பார்த்தால், அங்கே கயிறு மட்டும் கிடந்தது. அதன் கீழே ஒரு கைப்பிடி சாயப்பொடி. மண்டபம் பெருக்குகிறவர் அதைக் கூட்டி அள்ளிக் கொட்டினார்.

மறுநாள் ராஜா அந்த முப்பத்திரண்டு பேரையும் அரண்மனைக்கு அழைத்து விருந்து வைத்தான். பிறந்த பேர் யாருக்கும் திரும்பக் கிடைக்காது அல்லவா? அதனால் அவரவர் வீட்டார் அவரவருக்குப் புதுப்பேர் வைத்தார்கள். எழுத்தர் ஓலையில் எழுதிக்கொண்டே வந்தார். ராஜா பூவாற்றுப் பரிசல்துறையை மாதையன் குடும்பத்துக்கே தலைமுறை தலைமுறைக்கும் கொடுத்து, அதற்கும் பட்டயம் எழுதச் சொன்னான்.

எழுத்தர் மாதையனின் மனைவியிடம் வந்தார். "உன் பேர் என்னன்னு எழுதட்டும், தாயி?"

மாதையன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் மாதையனைப் பார்த்தாள்.

"அவங்களைக் கேக்காதீங்க" என்றாள் அவள். "எனக்கு நானே வச்சுக்கறேன்." கொஞ்ச நேரம் யோசித்தாள். அங்கே இருந்த யாருக்கும் அவசரம் இல்லை.

"வாழவந்தாள்னு எழுதுங்க."

எழுத்தர் எழுதினார். அவள் ஓலையை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூன்று பேரும் துறைக்கு வந்து பரிசலில் ஏறினார்கள். மாதையன் நடு ஆற்றில் தயங்கித் தயங்கி, "வாழவந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவள் வெட்கத்தோடு ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாமியார் பரிசலை இறுகப் பிடித்துக்கொண்டு, "நேராப் பாத்து ஓட்டுங்க மாப்ளே" என்றாள்.

அவர்கள் கரை சேர்ந்தார்கள். உலை வைத்தார்கள், உண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், பெருவாழ்வு வாழ்ந்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்த ஆறு நம்மையும் சேர்த்து வைக்கட்டும்.